விட்டுவிட்டால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., விலங்கியல்)

பிடித்த மீனை உயிரோடு தண்ணீரிலேயே விட்டுவிடுகிறவனை நல்லவன் என்று சொல்லலாமா? கேட்டவுடன் ‘ஆம்’ என்றுதான் சொல்லத் தோன்றும். கொன்று தின்பவனைவிடக் கொல்லாமல் விடுபவன் உயர்ந்தவன் என்பது நம் உள்ளத்தில் ஊறிப்போன எண்ணம். ஆனால் விடப்பட்ட மீன் அதன்பின் என்ன ஆயிற்று என்று எவரேனும் பார்த்ததுண்டா? பார்த்திருக்கிறார்கள்; எண்ணியும் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிச் சொன்ன கணக்கு நம்மைச் சற்றே தயங்க வைக்கிறது. அந்தக் கணக்கைப் பற்றியும், அதிலிருந்து எழும் நியாயத்தைப் பற்றியும் என் கருத்தைக் கூறவே இக்கட்டுரை.

நான் பேசப்போவது அமெரிக்க நாட்டின் கிழக்குக் கரையில், அட்லாண்டிக் பெருங்கடலின் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகங்களில் வாழும் ஒரு மீனைப் பற்றி. நம் கடலில் இல்லாத மீனைப் பற்றி நமக்கென்ன கவலை என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கு இதில் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, உலகில் இவ்வளவு விடாப்பிடியாக எண்ணப்பட்டு வரும் மீன்கள் மிகச் சிலவே. மேரிலாண்டு மாநிலத்தார் 1954 முதல் கோடைதோறும் வலை இழுத்து இதன் குஞ்சுகளை எண்ணி வருகிறார்கள். எண்ணிக்கை இருக்கும் இடத்தில் வாதம் செய்யலாம். இல்லாத இடத்தில் சண்டைதான் போடலாம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. பிழைப்புக்காக மீன் பிடிப்பவனும் பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவனும் ஒரே நீரில் நிற்கிறார்கள். மீன் குறைந்துவிட்டால் யாரை முதலில் கரையேறச் சொல்வது? இந்தக் கேள்விக்கு நாட்டெல்லை கிடையாது.

ஓதத்தின் பிள்ளை

வெள்ளிபோல் மின்னும் உடல். அதன்மேல் செவுள் தொடங்கி வால் வரையில் கோடு கிழித்தாற்போல் ஏழெட்டுக் கருவரிகள். அதனால் ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ என்று பெயர். நாம் வரிப் பாஸ் என்று அழைப்போம். வடக்கே நியூ இங்கிலாந்துக் கரையில் ‘ஸ்ட்ரைப்பர்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். தெற்கே செசபீக் விரிகுடாவில் ‘ராக்ஃபிஷ்’, அதாவது பாறை மீன் என்பார்கள். விலங்கியலார் இட்ட பெயர் மொரோன் சாக்ஸாட்டிலிஸ். அதிலும் பாறைகளிடையே வாழ்வது என்ற பொருளே அடங்கியுள்ளது. மேரிலாண்டு மாநிலம் 1965-இல் இதைத் தன் மாநில மீனாகவே ஏற்றுக்கொண்டது.

கடலில் வளர்ந்து ஆற்றுக்கு வந்து முட்டையிடும் இனம் இது. இளவேனில் பிறந்ததும் செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகளிலும், டெலாவேர், ஹட்சன் ஆறுகளிலும் ஏறி வரும். ஓதம் எட்டுகிற, ஆனால் உப்புக் கரிக்காத நன்னீர்ப் பகுதியே அதன் பிரசவ அறை. முட்டைகள் முழுதும் மிதப்பதும் இல்லை, முழுதும் மூழ்குவதும் இல்லை. நீரோட்டம் அவற்றை ஏந்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் நின்றால் அவை அடிச்சேற்றில் படிந்து மூச்சுமுட்டி அழியும். ஓடினால் இரண்டு மூன்று நாட்களில் குஞ்சு பொரிக்கும். ஆறு வயதுப் பெண் மீன் ஒன்று சுமார் 5 லட்சம் முட்டைகள் இடும். பதினைந்து வயதுப் பெரிய மீனோ 30 லட்சத்துக்கு மேல் இடக்கூடும். முப்பது வயது வரை வாழவல்லது. ஆகவே பெரிய பெண் மீன் ஒன்று சாவது, ஒரு வேளை உணவு போவது அன்று. விதைநெல் மூட்டை ஒன்று போவதற்குச் சமம்.

முட்டையிட்ட பின் மீன்கள் கரையோரமாக வடக்கே மெயின் மாநிலம் வரை சென்று, குளிர்காலத்தில் தெற்கே திரும்புகின்றன. செல்லும் வழியெல்லாம் அவற்றுக்குச் சோறு போடுவது ஓதம்தான். ஏறுகிற நீர் உவர்ச் சதுப்புகளின் உள்ளே புகுந்து நிரம்பும். ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழித்து வடியத் தொடங்கும். வடியும்போது சிறு மீன்களையும் இறால்களையும் ஓடைகளின் வழியே கழிமுகத்துக்கு இழுத்து வரும். வரிப் பாஸ் ஓடைவாயில், ஓட்டத்தை எதிர்நோக்கி, அதிகம் அலையாமல் காத்திருக்கும். ஓட்டம் கொண்டுவந்து வாயில் போடுவதை விழுங்கும். ஓதம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளி வருவதால், நேற்று மீன் கடித்த நேரம் இன்று கடிக்கும் நேரம் ஆகாது. நிலவின் பிறையையும் நீரின் போக்கையும் காற்றின் திசையையும் கணக்குப் போடத் தெரியாதவனுக்கு அங்கே மீன் கிடைப்பது அரிது.

இறகால் ஒரு மீன்

இந்த மீனைப் பிடிக்கும் வழிகள் பல. அவற்றுள் மிக நுட்பமானது என்று போற்றப்படுவது ‘ஃபிளை ஃபிஷிங்’. தூண்டில் என்றதும் நமக்கு முள்ளும் புழுவும் ஈயக்குண்டும் தக்கையும் நினைவுக்கு வரும். அத்தூண்டிலை எறிந்தால் ஈயத்தின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும். ஆனால் இந்த இறகுத் தூண்டிலில் புழுவும் இல்லை, ஈயக்குண்டும் இல்லை. முள்ளின்மேல் சேவல் இறகையும் மான்வால் மயிரையும் நூலால் இறுகச் சுற்றிக் கட்டுவார்கள். ஆற்று மீனை ஏமாற்றப் பூச்சிபோல் கட்டியதால் இதற்கு ‘ஃபிளை’ என்று பெயர் வந்தது. கடலோரத்துக்கு வந்தபின் அந்தப் பூச்சி ஒரு சிறு மீனின் உருவம் கொண்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

இறகுக்குக் கனமில்லை. ஆகவே கனத்தைக் கயிற்றுக்கே கொடுத்துவிட்டார்கள். சுமார் ஒன்பதடி நீளக் கோலைப் பின்னும் முன்னும் வீச, தடித்த கயிறு காற்றில் சுருண்டு விரிந்து, நுனியிலுள்ள மெல்லிய நரம்பையும் இறகையும் குறித்த இடத்தில் கொண்டுபோய் வைக்கும். பிறகு கையால் கயிற்றை விட்டுவிட்டு இழுத்தால், நனைந்த இறகு சிறு மீன் துள்ளுவதுபோல் நெளியும். மேரிலாண்டைச் சேர்ந்த லெஃப்டி கிரே என்பவர் 1950-களின் பிற்பகுதியில் செசபீக் விரிகுடாவின் வரிப் பாஸுக்காகவே இத்தகைய ஓர் இறகைக் கட்டினார். ‘லெஃப்டியின் ஏமாற்றுக்காரன்’ என்னும் பொருள்பட அதற்குப் பெயர் வைத்தார்கள். 1991-இல் அமெரிக்க அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது என்றால், அக்கலைக்கு அங்கே உள்ள மதிப்பை நாம் உணரலாம்.

இக்கலையை நான் இழிவாக நினைக்கவில்லை. பௌதிகமும் விலங்கியலும் வானநூலும் ஒருங்கே தெரிந்தவனுக்கே கைவரும் கலை அது. இதில் ஈடுபடுவோரில் பலர் மீனை உண்பதற்காகப் பிடிப்பதில்லை. பிடிப்பார்கள், பார்ப்பார்கள், விட்டுவிடுவார்கள். ‘நாங்கள் கொல்வதில்லை’ என்பதே அவர்களது பெருமை. என் வாதம் இந்தப் பெருமையோடுதான்.

பள்ளிக்கூடம் நடத்திய மீன்

வாதத்துக்கு முன் சிறிது வரலாறு தேவை. ஆங்கிலேயர் அக்கரையில் குடியேறிய காலத்தில் இந்த மீன் அளவின்றிக் கிடைத்தது. வயலுக்கு எருவாகவும் இட்டார்கள். 1639-இல் மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் மன்றம், காட் மீனையும் வரிப் பாஸையும் எருவாக்கக் கூடாது என்று கட்டளையிட்டது. உணவை மண்ணில் புதைக்காதே என்று இன்றைக்கு ஏறத்தாழ 390 ஆண்டுகளுக்கு முன்பே சட்டம்! 1670-இல் பிளிமத் குடியேற்றத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கேப் காட் கரையில் பாஸ், கானாங்கெளுத்தி, ஹெரிங் மீன்பிடிப்பால் அரசுக்கு வரும் வருமானத்தை ஓர் இலவசப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார்கள்.

இச்செய்தியைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரசாங்கப் பணத்தில், யாரோ செலுத்திய வரியில், படித்து வருகிறவன். எங்கோ ஒரு கரையில், வலையில் விழுந்த மீன் யாரோ ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவித்தது என்று அறியும்போது, அம்மீனையும் அவ்வலையையும் எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிழைப்புக்காக மீன் பிடிப்பவனைப் பேராசைக்காரன் என்று பேசுவோர் இவ்வரலாற்றையும் நினைவில் வைக்க வேண்டும்.

அழிவும் மீட்சியும்

1973-இல் அட்லாண்டிக் கரையில் விற்பனைக்காகப் பிடிக்கப்பட்ட வரிப் பாஸ் ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் பவுண்டு. பத்தே ஆண்டில், 1983-இல், அது 35 லட்சம் பவுண்டாகச் சரிந்தது. அளவுக்கு மிஞ்சிய மீன்பிடிப்பு ஒரு காரணம். முட்டையிடும் ஆறுகளின் நீர் கெட்டது மற்றொரு காரணம். விதைநெல்லைக் குத்தித் தின்றதோடு, நாற்றங்காலிலும் நஞ்சு கலந்தால் விளைச்சல் எங்கிருந்து வரும்?

1984-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் வரிப் பாஸ் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. பொது விதிகளுக்குக் கட்டுப்படாத மாநிலத்தில் இம்மீனைப் பிடிப்பதையே நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை அச்சட்டம் மத்திய அரசுக்குத் தந்தது. 1985 ஜனவரி முதல் நாள் மேரிலாண்டு அரசு முழுத் தடை விதித்தது. விற்பவனுக்கும் தடை, விளையாடுபவனுக்கும் தடை. செசபீக்கின் மீனவர்களுக்கு அது கொடிய காலம். அதே பத்தாண்டில் சிப்பிகளையும் நோய் தாக்கியதால் அவர்களுக்கு ஒரு கையன்று, இரு கைகளும் ஒடிந்தன. ஆயினும் தடை ஐந்தாண்டு நீடித்தது. 1989-இல் குஞ்சுகள் பெருகின. 1990-இல் கடும் கட்டுப்பாடுகளோடு மீன்பிடிப்பு மீண்டும் தொடங்கியது. 1995-இல் இனம் மீண்டுவிட்டதாக அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் அறிவித்தது. மனிதன் தன் கையைக் கட்டிக்கொண்டால் இயற்கை எழுந்து நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 2019-இல் வெளியான மதிப்பீட்டின்படி, 2017-இல் முட்டையிடும் பெண் மீன்களின் மொத்த எடை 15 கோடியே 10 லட்சம் பவுண்டு. இருக்க வேண்டிய குறைந்தபட்ச எல்லையோ 20 கோடியே 20 லட்சம். இனம் மீண்டும் அளவுக்கு மேல் பிடிக்கப்பட்டுவிட்டது என்பது தெளிவாயிற்று. மேரிலாண்டில் குஞ்சு எண்ணும் வலையில் ஓர் இழுப்புக்குச் சராசரியாகச் சுமார் 11 குஞ்சுகள் வருவது நெடுங்கால வழக்கம். 2023-இல் வந்தது 1.0, 2024-இல் 2.0. 2019 முதல் 2024 வரை ஆறு ஆண்டும் சராசரிக்குக் கீழேதான். குளிர் குறைந்த குளிர்காலமும் மழை குறைந்த இளவேனிலும் குஞ்சுகளுக்கு ஆகா. அதற்குத் தூண்டில்காரனை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆயினும் விளைச்சல் இல்லாத ஆண்டில்தானே இருக்கிற நெல்லைக் கருத்தாகக் காக்க வேண்டும்?

விடப்பட்ட மீனின் கதி

இனித் தலைப்புக்கு வருகிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், உப்புநீரில் வரிப் பாஸ்களைத் தூண்டிலில் பிடித்து விட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 1996-இல் வெளியாயிற்று. விடப்பட்டவற்றில் 9 விழுக்காடு இறந்தன. நிலைமை மிக நன்றாக இருந்தால் 3 விழுக்காடும், மிக மோசமாக இருந்தால் 26 விழுக்காடும் இறக்கக்கூடும் என்று அவ்வாய்வு கணித்தது.

நூற்றுக்கு ஒன்பதுதானே, போகட்டும் என்று தோன்றும். ஆனால் சிறு துளி பெரு வெள்ளம் அல்லவா! 2017-இல் மட்டும் அக்கரையில் பொழுதுபோக்காகப் பிடித்து விடப்பட்ட வரிப் பாஸ் ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம். அவற்றுள் இறந்தவை என்று கணிக்கப்பட்டவை சுமார் 34 லட்சம். அவ்வாண்டு மனிதக் கையால் இறந்த மொத்த வரிப் பாஸில், எண்ணிக்கைப்படி, இது 48 விழுக்காடு. பொழுதுபோக்காகப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனது 42 விழுக்காடு. விற்பனைக்காகப் பிடிக்கும் மீனவர் எல்லோரும் சேர்ந்து கொன்றது, வேண்டாமென்று எறிந்ததையும் கூட்டி, வெறும் 10 விழுக்காடு!

இக்கணக்கை மறுமுறை படியுங்கள் நண்பர்களே! பொழுதுபோக்காகப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோன மீனைவிட, கொல்லாமல் விட்ட மீன் அதிகமாக இறந்திருக்கிறது.

ஏன் இறக்கிறது? உடலியல் படித்தவர்க்கு இது புதிரன்று. முள்ளில் மாட்டிய மீன் தன் முழு வலிமையையும் திரட்டி இழுக்கிறது. தசைகளுக்கு ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலம் திரள்கிறது. மெல்லிய கோலால் நெடுநேரம் இழுக்க இழுக்க அது கூடுகிறது. களைத்து வந்ததைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் படமெடுக்கும்போது, செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மூச்சு நின்றுவிடுகிறது. நூறு கெஜம் ஓடி வந்து நின்றவனின் மூக்கையும் வாயையும் பொத்தினால் எப்படி இருக்கும்? கோடை வெப்பத்தில் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனும் குறைவு. களைத்த மீன் தேறுவதற்கு வழியில்லை. முள் உதட்டில் தைக்காமல் தொண்டைக்குள் இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். மீன் நீந்திப் போவதைக் கண்ணால் பார்த்து மகிழ்ந்து வீடு திரும்புகிறான் மனிதன். அது சில மணி நேரம் கழித்து அடியில் கிடப்பதை அவன் பார்ப்பதில்லை. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்!

யார் கையைக் கட்டுவது?

இங்கேதான் நியாயம் வருகிறது. மெயின், நியூ ஹாம்ப்ஷயர், கனெக்டிகட், நியூ ஜெர்சி ஆகிய மாநிலங்களில் வரிப் பாஸை விற்பனைக்காகப் பிடிக்க இடமில்லை. அங்கே அது விளையாட்டு மீன் மட்டுமே. இதே விதியைக் கரை முழுவதும் கொண்டுவர வேண்டும், வலைக்காரனை வெளியேற்றினால் மீன் பெருகும் என்று வாதிடும் விளையாட்டு மீன்பிடிப்பாளர்கள் உண்டு. நூற்றில் பத்துக்குக் காரணமானவனை வெளியேற்றிவிட்டு, தொண்ணூறுக்குக் காரணமானவர்கள் கோலும் கையுமாக நின்றுகொண்டே இருப்பது எந்த ஊர் நியாயம்?

விற்பனை மீனவன் கொல்வது கண்ணுக்குத் தெரிகிறது. தராசில் ஏறுகிறது, கணக்கில் எழுதப்படுகிறது, சந்தைக்கு வருகிறது, யாரோ ஒருவர் வீட்டு உலையில் கொதிக்கிறது. விடுகிறவன் கொல்வது யார் தட்டுக்கும் வருவதில்லை. அது தண்ணீருக்கடியில் நண்டுக்குப் போகிறது. பயன்பட்ட சாவைக் குற்றம் என்றும், பயன்படாத சாவைக் கருணை என்றும் அழைப்பது எனக்கு விளங்கவில்லை.

வலைக்காரன் குற்றமற்றவன் என்று நான் வாதிடவில்லை. 1970-களின் சரிவில் அவனுக்கும் பங்குண்டு. அளவு மீறினால் அவனையும் நிறுத்தத்தான் வேண்டும். நான் கேட்பது ஒன்றே: நிறுத்தும்போது இருவரையும் சேர்த்து நிறுத்துங்கள். 1985-இல் மேரிலாண்டு செய்தது அதுதான். பலன் கண்டதும் அதுதான்.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றையும் நேர்மையாக நோக்குவோம்.

‘இறகுத் தூண்டிலில் ஒற்றை முள்தான், இரை இல்லாததால் மீன் அதை விழுங்குவதும் அரிது, பெரும்பாலும் உதட்டில்தான் தைக்கும், ஆகவே எங்கள் கையில் இறப்பது குறைவு’ என்பது முதல் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஒன்பது விழுக்காடு என்பது எல்லா வகைத் தூண்டிலுக்கும் சேர்த்துக் கொள்ளும் சராசரிதான். இரை மாட்டிப் பிடிப்போர், தொண்டைக்குள் இறங்காத வளைமுள்ளையே பயன்படுத்த வேண்டும் என்று 2021-இல் விதி வந்ததும் இதனால்தான். ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. நூற்றுக்கு மூன்றே இறந்தாலும், ஒரே நாளில் முப்பது மீன் பிடித்து விட்டேன் என்று மார்தட்டுபவன் ஒரு மீனைக் கொன்றுதான் வீடு திரும்புகிறான். ஒரு மீனை மட்டும் பிடித்து, கொன்று, வீட்டாரோடு உண்டவனுக்கும் இவனுக்கும் கணக்கில் வேறுபாடில்லை.

‘அளவு விதிதான் எங்களை விடச் சொல்கிறது’ என்பது இரண்டாம் வாதம். இதுவும் மெய்யே. 2020-இல் கடற்பகுதியில் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 35 அங்குலத்துக்கு உட்பட்டும் உள்ள ஒரு மீனை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2023-இல் மேல் எல்லை 31 அங்குலமாக இறங்கியது. பெரிய தாய் மீன்களைக் காக்கும் நல்ல விதி அது. ஆனால் விதி இறுக இறுக, விட வேண்டிய மீன்களும் பெருகுகின்றன. விடும்போது இறப்பவையும் பெருகுகின்றன. எனவே எதை வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் விதி செய்தால் போதாது. எப்போது தூண்டிலே போடக் கூடாது என்றும் விதி செய்ய வேண்டும்.

‘எங்களைத் துரத்திவிட்டால் அந்த மீனுக்காகப் பேச யார் இருப்பார்?’ என்பது மூன்றாம் வாதம். மூன்றிலும் வலிமையானது இதுவே. ஹட்சன் ஆற்றங்கரையில் ஸ்டார்ம் கிங் மலையருகே, ஆற்று நீரை உறிஞ்சி மேலேற்றும் மின்நிலையம் ஒன்றைக் கட்டப் பெருநிறுவனம் ஒன்று திட்டமிட்டது. முட்டைகளும் குஞ்சுகளும் அதில் உறிஞ்சப்பட்டு அழியும் என்ற அச்சம் எழுந்தது. நீண்ட வழக்குக்குப்பின் 1980-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. நியூயார்க் நகரில் ஆற்றைத் தூர்த்து ‘வெஸ்ட்வே’ என்னும் நெடுஞ்சாலை போடும் திட்டமும் 1985-இல் நின்றது. வரிப் பாஸ் குஞ்சுகள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் அது என்பதே வழக்கின் உயிர்நாடி. இப்போராட்டங்களில் தூண்டில்காரர்களின் பங்கு பெரியது. அதை மறைப்பது நன்றி மறப்பதாகும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆற்றுக்காக 1966-இல் தோன்றிய ஹட்சன் ஆற்று மீன்பிடிப்போர் சங்கத்தில் விளையாட்டுக்காகப் பிடிப்போரும் பிழைப்புக்காகப் பிடிப்போரும் சேர்ந்தே இருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 1976-இல், தொழிற்சாலைக் கழிவான பி.சி.பி. நஞ்சு ஏறிய காரணத்தால் அவ்வாற்றில் வரிப் பாஸை விற்பனைக்காகப் பிடிப்பது தடை செய்யப்பட்டது. ஆற்றைக் கெடுத்தது ஆலை. பிழைப்பை இழந்தவன் மீனவன். வலையும் கோலும் கைகோத்தபோது ஆறு காக்கப்பட்டது. ஒன்றையொன்று கரையேற்ற முயன்றால், ஆலைக்காரனும் அணைக்காரனும்தான் மகிழ்வார்கள்.

என் முடிவு

ஆகவே என் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலாவது, ‘பிடித்து விடுவது’ என்பதைக் கொல்லாமை என்று அழைப்பதை நிறுத்த வேண்டும். அதுவும் கொலையின் ஒரு சிறு பங்கே. ஒவ்வொரு தூண்டில்காரனும் விட்ட மீனைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பிடித்தே ஆக வேண்டுமானால் துன்பம் குறைக்கும் வழிகளை விதியாகவே கொள்ள வேண்டும்: எதிர்முள் நசுக்கிய ஒற்றை முள், நீண்ட நேரம் இழுக்காத வலுவான கோல், மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்காத கை. மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, நீர் கொதிக்கும் கோடை வாரங்களிலும் மீன்கள் ஆறேறும் காலத்திலும் எவருமே தூண்டில் போடக் கூடாது. விற்பவனும் கூடாது, விடுபவனும் கூடாது. 2021-இல் மேரிலாண்டு அரசு ஜூலை 16 முதல் 31 வரை அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதையே தடுத்தது. நீருக்குள் எதற்குத் தூண்டில் போடுகிறான் என்று காவலர் எப்படி அறிவார் என்று சிலர் கேட்கிறார்கள். திருடனைப் பிடிப்பது கடினம் என்பதற்காகத் திருட்டைச் சட்டமாக்குவதில்லையே!

நான்காவது, வலைக்காரனை மட்டும் வெளியேற்றும் பேச்சை விட்டொழிக்க வேண்டும். தொண்ணூறு விழுக்காட்டுக்காரன் தன் பங்கைக் குறைத்துக் காட்டிவிட்டுத்தான் பத்து விழுக்காட்டுக்காரனைப் பார்த்துப் பேச வேண்டும்.

பொழுதுபோக்கே கூடாது என்பது என் வாதமன்று. ஓதத்தின் போக்கைக் கற்று, இறகைத் தானே கட்டி, விடியலில் நீரில் இறங்கி நிற்பவனின் மகிழ்ச்சி உயர்ந்த மகிழ்ச்சியே. உண்மையில் அவ்வாற்றையும் கழிமுகத்தையும் அவனைப்போல் அறிந்தவர் சிலரே. அவ்வளவு அறிந்தவனிடம்தான் அதிகம் எதிர்பார்க்கிறோம். அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்து மீன் எப்போது கடிக்கும் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, நீர் எப்போது மீனுக்கு ஆகாது என்பதும் தெரியும். தெரிந்தும் எறிவது அழகன்று. நன்றாக எறியத் தெரிந்தவன் பலருண்டு; எறியாமல் கோலைச் சுவரில் சாய்த்து வைக்கத் தெரிந்தவனே அந்த மீனுக்கு உண்மையான நண்பன்.

அறிவியல் மாணவர்களாகிய நாம் இதில் கற்க வேண்டியது ஒன்று உண்டு. நல்லெண்ணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கருணை என்று பெயரிட்டதாலேயே ஒரு செயல் கருணையாகிவிடாது. அதனால் எத்தனை உயிர் பிழைத்தது, எத்தனை மடிந்தது என்று கணக்கெடுத்தபின்தான் அப்பெயர் பொருந்துமா என்று சொல்ல முடியும். அக்கரைக் கழிமுகங்களில் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். இனி அதன்படி நடப்பதுதான் பாக்கி.